மரத்தரை பழுதுபார்த்தல்: திறந்து பார்த்த பின்னரே விலை

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கும், அங்கிருந்து கொஸ்லந்தைப் பக்கமாகவும் இறங்கும் மலைப்பாதையில் கடந்த சில வருடங்களாகப் புதிய முகங்கள் நடமாடுகின்றன. தியலும நீர்வீழ்ச்சியின் மேல்தட்டுக் குளங்களைத் தேடி வருவோர், தம்பேதன்னையின் உச்சியிலுள்ள லிப்டன் சீட்டைப் பார்த்துவிட்டு இறங்குவோர், இரண்டு நாள் குளிரில் தங்கிவிட்டுப் போக விரும்பும் கொழும்புக் குடும்பங்கள் எனப் பலரும் வருகிறார்கள். அவர்கள் தங்குவதற்கு இடம் வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழைய பங்களாக்களின் மீதும், கைவிடப்பட்ட தோட்டக் கட்டடங்களின் மீதும் ஊவாவின் வியாபாரிகளுக்குக் கண் விழுந்திருப்பது இதனால்தான்.

முன்னுதாரணம் இல்லாத விடயமல்ல இது. கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டுவதற்குப் பயன்பட்ட மேல் தட்டுகளே அங்கு விருந்தினர் அறைகளாயின. ஆனால் அது பெரிய கம்பனியின் வேலை. பண்டாரவளையில் ஒரு புடைவைக் கடையையோ ஹாட்வெயார் கடையையோ வைத்துக்கொண்டு, மனைவியின் நகையையும் சேர்த்து முதலாகப் போட்டு, நான்கு அறைப் பங்களா ஒன்றை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுக்கும் ஒருவரது நிலை வேறு. கூரையை அவர் அண்ணாந்து பார்ப்பார். குழாயைத் திறந்து பார்ப்பார். காலுக்குக் கீழே இருப்பதைப் பார்ப்பதில்லை. பங்களாவில் மரத்தரை என்றால், அந்த வியாபாரத்தின் இலாபமும் நட்டமும் பல வேளைகளில் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

அதே தரையில் இன்னொருவரது பிழைப்பும் இருக்கிறது. அவர் அதனைப் பழுதுபார்க்க வரும் தச்சு பாஸ். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொல்லிக் கொந்தராத்தை எடுக்கிறார். பலகையைக் கிளப்பிய பின்னர்தான் அடியில் இருப்பது தெரிகிறது. அப்போது அவருக்கு இரண்டு வழிகள். நட்டப்பட்டு முடித்துக் கொடுப்பது ஒன்று. உக்கலின் மேல் புதுப்பலகையை அடித்து மூடிவிடுவது மற்றையது. இரண்டாவது வழியில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதை மலைநாட்டின் பழைய வீடுகளில் நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். இவ்விருவருக்குமான பாடம் ஒன்றே: மரத்தரைக்குத் திறந்து பார்க்காமல் விலை சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது.

படகு கற்றுத் தரும் பாடம்

மலைநாட்டுத் தரையைப் பற்றிப் பேசும்போது கடலுக்குப் போவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் இந்த வேலையின் சூட்சுமத்தைத் தெளிவாகக் காட்டுவது பழைய சிறு பாய்மரப் படகுதான். காலித் துறைமுகத்துக்கு வந்து தரித்துச் செல்லும் உல்லாசப் பாய்மரப் படகுகளைச் சிலர் பார்த்திருக்கலாம். இருபத்தைந்து, முப்பது அடி நீளம். உள்ளே இரண்டு மூன்று பேர் உறங்கக்கூடிய சிறு கேபின். காலடியில் பிளைவுட் தரை. அத்தகைய படகு பழசானால் மலிவாகக் கிடைக்கும். விபரம் தெரிந்தவர் அதனை வாங்க வந்தால் பாயை விரித்துப் பார்ப்பதற்கு முன்பாகக் கேபினுக்குள் இறங்கிக் குதிகாலால் தரையை அழுத்திப் பார்ப்பார். தரை மெத்தையாக அமிழ்ந்தால் விலை பேசும் முறையே மாறிவிடும்.

கடலில் கிடக்கும் பொருள் ஆதலால் உப்புநீர்தான் தரையை உக்க வைத்தது என்று நாம் நினைப்போம். உண்மை அதற்கு நேர்மாறானது. மரத்தை உக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சணம். உப்பு அதற்கு ஆகாது. முற்காலத்தில் மரக்கப்பல் கட்டியவர்கள் கப்பலின் மரச்சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பியதும் உண்டு. கேபின் தரையைக் கெடுப்பது மழைநீர். மேல்தட்டில் ஒரு திருகாணித் துளை, ஜன்னல் ஓரத்தில் ஒரு வெடிப்பு, பாய்மரம் இறங்கும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி என்று எங்கிருந்தோ சொட்டும் நல்ல தண்ணீர் உட்சுவர் வழியே ஒழுகித் தரையின் விளிம்பில் தங்குகிறது. பிளைவுட்டின் விளிம்பில் அடுக்குகளின் வாய் திறந்திருக்கும். அந்த வாய் தண்ணீரைக் குடிக்கும். நடுப்பகுதி பளபளவென்று இருக்க, ஓரம் கறுத்துப் பிரிந்து வருவது இதனால்தான்.

படகுத் தச்சர் எடுத்தவுடன் தரையை வெட்டுவதில்லை. ஒரு வாளித் தண்ணீரை மேல்தட்டில் பகுதி பகுதியாக ஊற்றி, எங்கே கசிகிறது என்று உள்ளே ஒருவரை வைத்துப் பார்க்கிறார். அதனை அடைத்த பின்பே தரைக்கு வருகிறார். பழைய தரையை உடைக்காமல் கழற்றி, அதையே அச்சாக வைத்துப் புதுப்பலகையில் கோடு போடுகிறார். உக்கிக் குறைந்த ஓரத்தைக் கடதாசி மட்டையால் அளந்து கொள்கிறார். புதுப் பிளைவுட்டின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம், நான்கு விளிம்புகள் ஆகிய ஆறு முகங்களுக்கும் எப்பொக்சி பூசுகிறார். விளிம்புக்கு மாத்திரம் இரண்டு, மூன்று தடவை பூசுகிறார். திருகாணி போகும் ஒவ்வொரு துளையையும் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே சிறிதாக மீண்டும் துளைக்கிறார். அப்போதுதான் திருகாணி வழியே தண்ணீர் மரத்தைத் தொடாது. தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களில் தண்ணீர் ஓடி ஒரு பள்ளத்தில் சேர்வதற்கான சிறு வழிகள் உண்டு. அவற்றில் அடைத்திருக்கும் அழுக்கைக் குத்தி எடுக்கிறார். கடைசியாக, தரையில் ஒரு பகுதியையாவது கையால் தூக்கக்கூடிய மூடியாக விட்டுவிடுகிறார். அடியில் என்ன நடக்கிறது என்பதை அடுத்த வருடமும் பார்க்க வேண்டுமல்லவா?

இந்த ஒழுங்கில் ஒன்றைக்கூட மாற்றத் தேவையில்லை. படகுக்குப் பதிலாகப் பங்களா என்று வைத்துக்கொண்டால் போதும். தண்ணீரின் வழியைக் கண்டுபிடித்தல், அதை அடைத்தல், திறத்தல், அளத்தல், மரத்தின் வாய்களை மூடுதல், காற்றுக்கும் கண்ணுக்கும் வழி விடுதல்.

பங்களாத் தரை எப்படி நிற்கிறது

மலைநாட்டின் பழைய மரத்தரை மண்ணில் கிடப்பதில்லை. கருங்கல் அத்திவாரத்தின் மேல், சுவர் ஓரமாக நீளவாட்டில் ஒரு மரம் படுக்க வைக்கப்பட்டிருக்கும். அதனைச் சுவர் மரம் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் குறுக்காக, ஏறத்தாழ 16 அங்குலத்துக்கு ஒன்றாகத் தாங்குமரங்கள் வரும். அவற்றின் மேல்தான் நாம் மிதிக்கும் பலகை. ஒரு பலகையின் விளிம்பிலுள்ள நாக்கு அடுத்ததன் பள்ளத்துக்குள் புகுந்திருக்கும். கீழே ஒன்றரை, இரண்டு அடி வெற்றிடம். வெளிச்சுவரில் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு சிறு காற்றுத் துவாரங்கள். அந்தத் துவாரங்களை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. தரையின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது. அடியில் ஏறும் ஈரத்தை ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் வெளியேறும் காற்று எடுத்துக்கொண்டு போகும். மரத்தின் ஈரப்பதன் 20 வீதத்துக்குக் கீழ் இருக்கும்வரை பூஞ்சணம் பிடிப்பதில்லை.

நல்ல மரத்தை நன்றாக அமைத்தால் அது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஹப்புத்தளையில் அடிஷாம் பங்களா இருக்கிறது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய அக்கட்டடத்தின் தரை, படிக்கட்டு, கதவு, ஜன்னல் யாவும் பர்மாத் தேக்கு. பழைய மரம் என்பதற்காக ஒரு தரையைக் கழித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன். இன்று மரக்காலையில் வாங்கக் கிடைக்கும் பலகையைவிட அந்தக் காலத்துப் பலகை பல இடங்களில் உயர்ந்தது. கெட்டுப்போவது பெரும்பாலும் அதன் ஓரங்கள்தான்.

ஓரங்களைக் கெடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். பூப்பாத்தி அழகாக இருக்கட்டும் என்று சுவரோரம் மண்ணை உயர்த்தி, காற்றுத் துவாரங்களை மூடிவிட்டார்கள். எலி வருகிறது என்று சிலர் சீமெந்தால் அடைத்தார்கள். படுக்கையறைக்குப் பக்கத்திலேயே குளியலறை வேண்டும் என்று மரத்தரையின் ஒரு மூலையில் சீமெந்து போட்டுக் குழாய் இழுத்தார்கள். குளிருக்காக மேலே லினோலியம் விரித்தார்கள். அது மேல்பக்கத்தால் ஈரம் உலருவதையும் தடுத்தது. கூரைப் பீலி உக்கி விழுந்தபோது, வாடகைக்கு இருந்தவர் தனது வீடல்ல என்று விட்டுவிட்டார். பீலி இல்லாத தகரக் கூரைத் தண்ணீர் முழுவதும் அத்திவாரத்தின் காலடியிலேயே கொட்டும்.

எனவே பார்வையிடச் செல்பவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னர் வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வருவது நல்லது. காற்றுத் துவாரங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை திறந்திருக்கின்றன, பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது, மண் மட்டம் தரைமட்டத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு உள்ளே. சுவரோரம், ஜன்னலுக்குக் கீழ், குளியலறை வாசல், அடுப்படிப் பக்கம் ஆகிய இடங்களில் சுத்தியலின் மரப்பிடியால் தட்ட வேண்டும். நல்ல மரம் கணீரென்று பேசும். உக்கிய மரம் பொத்தென்று பதில் சொல்லும். கூர்மையான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கையால் அழுத்தினால் கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. மண் குழாய் போல் கோடு ஏறியிருந்தால் அது கறையான். அதற்கு வைத்தியம் வேறு, செலவும் வேறு. மூக்கையும் பயன்படுத்தலாம். மூடிக் கிடந்த காளான் வாசனை வந்தால் அடியில் காற்றில்லை.

ஊவாவில் இன்னுமொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்து, சுவரிலும் மூலைவாட்டில் வெடிப்பு இருந்து, வெளியே மண்ணிலும் புதிய பிளவு தெரிந்தால் அது மரத்தின் நோயல்ல, மலையின் நோய். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் நடந்ததை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்கள் சேதமாயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டம் கடுமையாக அடிபட்டது. இத்தகைய அறிகுறி தெரிந்த கட்டடத்தில் பாஸ் ஒரு ஆணியும் அடிக்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வரும்வரை குத்தகைப் பேச்சையும் நிறுத்தி வைப்பதே நல்லது.

கணக்குக்கு வருவோம்

கீழே வரும் எண்கள் விடயம் விளங்குவதற்காக நான் போட்டுக்கொண்டவை. இன்றைய சந்தை விலையாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறையின் அளவு 14 அடிக்கு 12 அடி. ஒரு மூலையில் 4 அடிக்கு 3 அடி, அதாவது 12 சதுர அடி மெத்தையாக அமிழ்கிறது. பாஸ் பார்க்கிறார். பலகைக்கு 18,000 ரூபா, தானும் உதவியாளும் நாளொன்றுக்கு 7,000 ரூபா வீதம் நான்கு நாளுக்கு 28,000, ஆணி, மருந்து, போக்குவரத்துக்கு 4,000. மொத்தம் 50,000. இலாபம் 10,000 வைத்து 60,000 ரூபாவுக்கு ஒத்துக்கொள்கிறார். சொந்தக்காரருக்கும் சந்தோசம்.

பலகையைக் கிளப்பினால், 14 அடிச் சுவரோரம் கிடந்த சுவர் மரம் 8 அடி நீளத்துக்கு மாவாகிக் கிடக்கிறது. அந்த 8 அடியில் 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஆறு தாங்குமரங்களின் நுனிகள் இருக்கின்றன, ஆறும் போய்விட்டன. அவற்றைச் சரிசெய்ய 8 அடிக்கு 4 அடி, 32 சதுர அடித் தரையைத் திறக்க வேண்டும். அதில் 20 சதுர அடிக்குப் புதுப்பலகை தேவை. மிகுதி 12 சதுர அடிக்குப் பழைய பலகையையே திரும்ப இடலாம். ஆறு நுனிகளுக்கு மரமும் போல்ட்டும் தலா 4,000 ரூபா வீதம் 24,000. சுவர் மரத்துக்கு 6,000. மேலதிகப் பலகை 12,000. மேலதிகக் கூலி ஐந்து நாளுக்கு 35,000. கூட்டினால் 77,000 ரூபா. முன்னைய 50,000 உடன் சேர்த்தால் செலவு 127,000. கையில் வரப்போவது 60,000. வித்தியாசமான 67,000 ரூபாவை யார் தருவது?

இந்த இடத்தில்தான் சண்டை வருகிறது, அல்லது மூடி மறைப்பு வருகிறது. சொந்தக்காரர் “பேசியது பேசியதுதானே” என்பார். அவரிலும் நியாயம் உண்டு. பாஸ் “உள்ளே இருந்தது எனக்கு எப்படித் தெரியும்” என்பார். அவரிலும் நியாயம் உண்டு. பிழை மனிதரில் அல்ல, விலை பேசிய ஒழுங்கில்.

ஒழுங்கை இப்படி மாற்றிப் பார்க்கலாம். முதலில் திறந்து பார்ப்பதற்கு மாத்திரம் ஒரு கட்டணம், 10,000 ரூபா என்போம். அதற்காக பாஸ் ஒரு நாள் வந்து, சந்தேகமான இடங்களில் நான்கைந்து பலகையைச் சேதமில்லாமல் கிளப்பி, டோர்ச் லைட்டை அடித்துப் பார்த்து, கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக் கொடுத்துவிட்டு, பலகைகளைத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறார். வேலை அவருக்குக் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் அவருக்குரியது. இலவசமாகப் பார்த்துத் தரும் மதிப்பீடு ஒருபோதும் பலகைக்குக் கீழே போகாது. அதற்கு ஆகும் கூலியை எவரும் சும்மா தருவதில்லை.

இரண்டாவது, மொத்தத் தொகை பேசாமல் அலகு விலை பேசுதல். தாங்குமர நுனி ஒன்றுக்குச் சகலதும் உட்பட 9,000. சுவர் மரம் அடிக்கு 1,500. புதுப்பலகை சதுர அடிக்கு 3,000. பழைய பலகையைத் திரும்ப இடுவதற்குச் சதுர அடிக்கு 1,000. மேற்சொன்ன அறைக்கு இதனைப் போட்டால் 54,000, 12,000, 60,000, 12,000, மொத்தம் 138,000. பார்வைக் கட்டணத்தோடு 148,000 ரூபா. பாஸின் செலவு, திறந்து பார்த்த நாளின் கூலியையும் சேர்த்து, 134,000. அவருக்கு 14,000 மிஞ்சுகிறது.

சொந்தக்காரருக்கு 60,000 எங்கே, 148,000 எங்கே என்று நெஞ்சு அடிக்கும். ஆனால் அவர் இதனை வேலை தொடங்க முன்பு அறிகிறார். இன்னும் நான்கு அறைக்கும் கதவு ஜன்னலுக்கும் காசு கொட்டவில்லை. ஐந்து வருடக் குத்தகையென்றால் அந்த 148,000 மாதத்துக்கு ஏறக்குறைய 2,467 ரூபா. குத்தகையில் இரண்டு வருடமே மிச்சமென்றால் மாதத்துக்கு 6,167. முதலாவது தாங்கும், இரண்டாவது தாங்காது என்று அவரது கணக்குச் சொன்னால், செலவில் பாதியைக் கட்டடத்தின் உரிமையாளர் ஏற்க வேண்டும் அல்லது குத்தகைக் காலத்தை நீட்ட வேண்டும் என்று பேச அவரிடம் இப்போது படமும் எண்ணும் இருக்கின்றன. அந்த அறையைப் பூட்டிவிட்டு மூன்று அறையோடு தொடங்குவதும் ஒரு வழிதான்.

குத்தகையைப் பற்றி ஒரு வார்த்தை. தெரிந்த மனிதர், நம்பிக்கையான மனிதர் என்று வெறும் கடதாசியில் எழுதிக்கொள்வது நம்மவரிடம் வழக்கம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணி, கட்டடக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். தரை, கூரை, பீலி ஆகியவற்றின் பழுது யாருடைய பொறுப்பு என்ற வாசகமும் அந்த உறுதியிலேயே இருக்கட்டும்.

வேலை செய்யும் முறை

முதல் பலகையைக் கிளப்புவதுதான் கஷ்டம். நாக்கும் பள்ளமும் பூட்டியிருப்பதால் நெம்பினால் இரண்டு பக்கமும் பிளந்துவிடும். கெட்டுப்போன பலகை ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் நாக்கை மெல்லிய வாளால் நீளவாட்டில் அறுத்து அதனைப் பலி கொடுத்தால் மற்றவை ஒவ்வொன்றாக வரும். ஆணியைப் பிடுங்குவதைவிடக் கீழ்நோக்கி அடித்து இறக்குவது பலகைக்கு நல்லது. ஒவ்வொன்றின் அடியிலும் சோக்கட்டியால் இலக்கம் போட வேண்டும். நூறு வருடமாக ஒன்றோடொன்று பழகிய பலகைகள் இடம் மாறினால் பொருந்தா.

தாங்குமரத்தில் கை வைப்பதற்கு முன் அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் உக்கலோடு நிறுத்தாமல் அதற்கப்பால் நல்ல மரம் என்று தோன்றுவதிலும் ஓர் அடியளவு சேர்த்து வெட்டி விடுவது பாதுகாப்பு. பூஞ்சணத்தின் வேர் மரத்துக்குள் முன்னேறியிருக்கும். புதுத் துண்டை மிச்சமுள்ள பழைய மரத்தின் பக்கவாட்டில் குறைந்தது இரண்டு அடியாவது படிய வைத்து, வொஷர் போட்ட போல்ட்டால் இறுக்க வேண்டும். ஆணியால் அடித்துவிட்டுப் போகும் வேலை ஆறு மாதத்தில் கிறீச்சிடும். சுவரில் அமரும் நுனிக்குக் கீழே தார்த் தாள் ஒரு துண்டு. நுனியைச் சுற்றிச் சீமெந்து வைத்துக் கட்டிவிடக் கூடாது. மேசன் பாஸ்மாருக்கு அந்தப் பழக்கம் அதிகம். பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும். மரத்தின் வெட்டுமுகம்தான் படகுப் பிளைவுட்டின் விளிம்பைப் போன்றது. அதற்கு முதலில் போரக்ஸ், போரிக் அமிலக் கரைசலைக் குடிக்கும் மட்டும் குடிக்கவிட்டு, காய்ந்த பின் நிறப்பூச்சோ தாரோ பூசி வாயை மூட வேண்டும். இந்தப் போரன் மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும் தன்மையுடையது. ஆகையால் தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் மருந்து பூசுவது வீண் செலவு.

மரத்தைப் பொறுத்தவரை பலாவும் தேக்கும் கறையானையும் ஈரத்தையும் தாங்கும். மலைநாட்டில் இலகுவாகக் கிடைப்பது யூக்கலிப்டஸ். தோட்டத்தில் டர்பன்டைன் என்பார்கள். பைனசும் கிடைக்கும். இரண்டும் மருந்து ஏற்றாமல் தரைக்கு அடியில் போடத் தகுதியற்றவை. பலா மரத்தை வெட்ட 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும், மரத்தை ஏற்றி வரப் போக்குவரத்து அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதையும் புதிதாகத் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். மரக்காலையில் வாங்கினாலும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பழைய கட்டடம் உடைக்கும் இடத்தில் கிடைக்கும் தேக்குப் பலகை மலிவும் தரமும் ஆனது; ஆணிகளைப் பிடுங்கும் கூலியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட வேண்டாம்.

எந்த மாதத்தில் பலகை போடுவது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. ஊவாவின் இந்தப் பக்கத்துக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவக் காற்றோடு தை மாதம் வரை இழுக்கும். ஆனி, ஆடி முதல் புரட்டாதி வரை மறுபக்கத்து மழையை மலையில் இறக்கிவிட்டு வரும் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுப்பது அந்தக் காற்றுத்தான். அதே காற்று பலகையையும் உலர்த்திச் சுருக்கும். மழைக்காலத்தில் ஈரத்தோடு இறுக்கமாகப் போட்ட ஆறு அங்குலப் பலகை ஒன்று ஆடிக் காற்றில் 2 மில்லிமீற்றர் சுருங்குகிறது என்று வைப்போம். 12 அடி அகலத்துக்கு 24 பலகைகள். 48 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் பிளவாகப் பரவிவிடும். மறுதலையாக, ஆடியில் காய்ந்த பலகையைச் சுவரோடு முட்ட இறுக்கிப் போட்டால் கார்த்திகை மழையில் அது வீங்கி நடுவே மேலெழும். காய்ந்த காலத்தில் போடுங்கள், பலகையை அதே அறையில் இரண்டு மூன்று வாரம் இடைக்கட்டை வைத்து அடுக்கி அந்த வீட்டின் குளிருக்குப் பழக விடுங்கள், சுவரைச் சுற்றி அரை அங்குல இடைவெளி விடுங்கள். சுவரோரச் சட்டம் அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

தரையை மூடும்போது, திருத்திய சுவரோரமாக ஒன்றரை அடிச் சதுரத்தில் தூக்கக்கூடிய ஒரு மூடி விடச் சொல்லுங்கள். நாற்காலியொன்றையோ சிறு விரிப்பையோ போட்டால் விருந்தினர் கண்ணுக்குத் தெரியாது. பாஸ் இதற்கென்று தனியாகக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

கொடுப்பனவை மூன்றாகப் பிரிப்பது இருவருக்கும் வசதி. மரம் வாங்க முற்பணம், பலகை போட முன்னர் தாங்குமரங்களைச் சொந்தக்காரர் கண்ணால் பார்த்த பின் இரண்டாம் பங்கு, தரை மூடியதும் மிகுதி. அந்த மிகுதியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சொந்தக்காரர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். மேற்சொன்ன கணக்கில் 138,000 ரூபாவுக்கு அது 13,800. பாஸின் இலாபம் கிட்டத்தட்ட முழுவதுமே அந்தத் தொகையில் அடங்கிவிடுகிறது. ஆகையால் கொடுக்கும் திகதியை எழுத்தில் போட வேண்டும், சாக்குச் சொல்லி இழுக்கக் கூடாது. ஆவணியில் முடிந்த வேலைக்குத் தை மாதக் கடைசி சரியான திகதி. அன்று பாஸ் வந்து மூடியைத் தூக்கி, சுவரோரத்து மரத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் காட்டட்டும். மரம் காய்ந்திருந்தால் மிச்சப் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிடலாம். ஈரமாக இருந்தால் இருவரும் வெளியே போய்ப் பீலியைப் பார்க்க வேண்டும்.